நாலரைக்குள் போட்ட போல்ட்

என் மனைவி பச்சைமலையில் ஒரு துணை சுகாதார நிலையத்தில் நர்ஸ். திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கு ஸ்ரீரங்கத்தில் கிளம்பி, மண்ணச்சநல்லூர், துறையூர் தாண்டி மலை ஏறுவாள். ஐந்து நாள் மேலேயே குவார்ட்டர்ஸில் தங்கிவிட்டு, சனிக்கிழமை மதியம் இறங்கி வருவாள். மலைக் கிராமங்களுக்கு பஸ் வருவதும் வராததும் அந்த பஸ்ஸின் இஷ்டம். மரவள்ளிக் காடுகளைத் தாண்டி ஒரு கர்ப்பிணியைப் பார்த்துவிட்டு வர வேண்டுமானால் சொந்த வண்டி இருந்தால்தான் முடியும். அப்படித்தான் என்னுடைய பழைய மோட்டார் சைக்கிள் அவளுடையதாகிப் போனது. ஸ்கூட்டர் வாங்கிக்கொள்ளச் சொன்னேன். அந்த ஏற்றத்தில் இதுதான் சரிப்படும் என்றாள். உண்மையிலேயே ஏற்றம்தான் காரணமா என்று அதையும் நான் நாலு பேரிடம் விசாரித்துத் தெரிந்துகொண்டேன்.

விசாரிப்பது என் தொழில். இன்சூரன்ஸ் சர்வேயர். அடிபட்ட வண்டியை நேரில் பார்த்து, போட்டோ எடுத்து, சொல்லப்படும் கதைக்கும் வண்டியில் இருக்கும் அடிக்கும் பொருத்தம் இருக்கிறதா என்று எழுதிக் கொடுக்க வேண்டும். ‘பிரேக் பிடிக்கலை சார்’ என்று என்னிடம் சொன்னவர்கள் ஏராளம். அவர்களில் பாதிப் பேர் பிரேக்கைத் தொட்டே இருக்க மாட்டார்கள் என்பது என் கட்சி. இருபது வருடம் இப்படியே ஓட்டினால் புத்தி வீட்டுக்குள்ளும் வந்து உட்கார்ந்துகொள்ளும். கேஸ் சிலிண்டரைத் தராசில் தூக்கிப் பார்க்காமல் நான் வாங்கியதில்லை. பால்காரர் என்னைப் பார்த்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்வார். அவர் திருப்பிக்கொள்வதால் என் சந்தேகம் இன்னும் கூடும்.

போன மழைக்காலத்தில் அவள் மலை இறங்கும்போது ஒரு வளைவில் சறுக்கி விழுந்தாள். முழங்கையில் தோல் போயிருந்தது. வீட்டுக்கு வந்ததும், “பிரேக் பிடிக்கலைங்க” என்றாள். நான் உடனே என்ன கேட்டேன் என்பது நன்றாக நினைவிருக்கிறது. “எந்த கியர்ல இருந்த?” என்று கேட்டேன். பிறகு என்ன வேகம், ரோடு ஈரமா, முன் பிரேக்கா பின் பிரேக்கா என்று வரிசையாகக் கேட்டேன். அவள் எல்லாவற்றுக்கும் பதில் சொல்லிவிட்டு, தானே மருந்து போட்டுக்கொண்டாள். நர்ஸுக்கு மருந்து போடத் தெரியாதா என்று நானும் சும்மா இருந்துவிட்டேன். அதற்குப் பிறகு அவள் பிரேக்கைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசாததால் பிரேக் சரியாகிவிட்டது என்று எடுத்துக்கொண்டேன்.

மூன்று மாதம் கழித்து ஒரு சனிக்கிழமை, வண்டியைத் துடைக்கும்போது முன் பிரேக்கின் ரப்பர் ஹோஸைப் பார்த்தேன். ஹேண்டில்பாரில் இருக்கும் ஆயில் டப்பாவிலிருந்து முன் சக்கரத்தின் தட்டைக் கவ்விப் பிடித்து நிறுத்தும் காலிபர் வரை இறங்கும் குழாய் அது. வளைகிற இடத்தில் தோல் பாளம் பாளமாக வெடித்திருந்தது. லீவரை அழுத்தினால் அந்த இடம் லேசாக உப்பியது. உப்பும் ஹோஸ், கை கொடுக்கும் அழுத்தத்தைத் தானே தின்றுவிடும். சக்கரத்துக்கு மிச்சம்தான் போய்ச் சேரும். அதோடுதான் இவள் வாரா வாரம் பத்துப் பதினைந்து வளைவு இறங்கியிருக்கிறாள்.

“மெக்கானிக்கிட்ட விடுங்களேன். ஒரு மணி நேர வேலை” என்றாள்.

மெக்கானிக்கிடம் விடுவதா? மெக்கானிக்குகள் எழுதித் தரும் பில்களைப் படித்தே எனக்கு நரை வந்தது. போடாத பார்ட்டைப் போட்டதாகவும், கழற்றாததைக் கழற்றியதாகவும் எழுதுகிற கைகளிடம் என் மனைவியின் பிரேக்கைக் கொடுக்க முடியாது. நானே மாற்றுகிறேன் என்றேன். அதுவும் பழையபடி ரப்பர் இல்லை. மேலே ஸ்டீல் கம்பி பின்னிய ஹோஸ். அது உப்பாது. அவள் என்னை ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, “திங்கக்கிழமை எனக்கு வண்டி வேணும்” என்று மட்டும் சொன்னாள்.

அன்று சாயங்காலமே பாலக்கரைக்குப் போனேன். ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்காரர் கண்ணாடிப் பெட்டிக்குள்ளிருந்து ஒரு பாக்கெட்டை எடுத்துப் போட்டார்.

“ஒரிஜினல்தானே?”

“ஒரிஜினலை விட நல்லா இருக்கும் சார்.”

“ஒரிஜினல் இல்லைன்னு சொல்றீங்க.”

“நான் எங்க சார் அப்படிச் சொன்னேன்? கம்பெனி போடுறது ரப்பர். இது வெளிய தயார் பண்றது. இதை வாங்கிட்டுப் போனவங்க யாரும் திரும்பி வந்து குறை சொன்னதில்லை.”

திரும்பி வரும் நிலையில் இருந்தார்களா என்று கேட்க வாய் வந்தது. அடக்கிக்கொண்டேன். ஹோஸை வெளிச்சத்தில் பிடித்து, ஒரு முனையில் வாயை வைத்து ஊதினேன். கடைக்காரர் பக்கத்துக் கடைக்காரரைப் பார்த்துச் சிரித்தார். நான்கு செம்பு வாஷர்களையும் உள்ளங்கையில் வைத்துத் தடிமன் பார்த்தேன். பிரேக் ஆயில் டப்பாவைக் குலுக்கி, சீல் உடையாததா என்று நகத்தால் கீறிப் பார்த்தேன். அதற்குள் அவர் எனக்குப் பின்னால் வந்த இரண்டு பேருக்குச் சாமான் கொடுத்து அனுப்பிவிட்டார்.

ஞாயிறு மதியம் சாப்பிட்டுவிட்டு இரண்டு மணிக்கு வேலையை ஆரம்பித்தேன். எங்கள் அபார்ட்மெண்ட் கீழே பார்க்கிங்கில் இரண்டு கார்களுக்கு நடுவில் இடம். பெயிண்டில் பிரேக் ஆயில் பட்டால் பெயிண்ட் உரிந்துவிடும் என்பதால் டேங்கின் மேல் பழைய போர்வையைப் போட்டு மூடினேன். பழைய ஹோஸின் போல்ட் துருப்பிடித்து அசையவே இல்லை. அதோடு மல்லுக்கட்டியதிலேயே ஒரு மணி நேரம் போய்விட்டது.

இந்த ஹோஸை மாட்டுவதில் ஒன்று மட்டும் தெரிந்தால் போதும். இரண்டு முனையிலும் ஒவ்வொரு போல்ட். போல்ட்டின் நடுவே துளை உண்டு. ஆயில் அதன் வழியாகத்தான் போகும். இரண்டு பக்கமும் செம்பு வாஷர் வைக்க வேண்டும். முதலில் போல்ட்டை லேசாகப் பிடிக்கும் அளவுக்கு மட்டும் முடுக்கி, ஹேண்டிலை இரண்டு பக்கமும் திருப்பி, ஹோஸ் எங்கும் உரசவில்லை என்று பார்த்துக்கொள்ள வேண்டும். அதன் பிறகுதான் கடைசி முடுக்கு. அந்த முடுக்கில்தான் செம்பு நசுங்கி அடைத்துக்கொள்ளும். அது இல்லாவிட்டால் கையால் அழுத்தும்போது ஒன்றும் தெரியாது. ஒரு லாரி குறுக்கே வந்து, ஆள் முழு பலத்தோடு லீவரைப் பிடிக்கும்போது ஆயில் அந்த இடுக்கில் பீய்ச்சிக்கொண்டு போகும். லீவர் கைப்பிடியோடு ஒட்டிக்கொள்ளும். அப்புறம் பிரேக் கிடையாது.

மேல் முனையை முழுதாக முடுக்கினேன். முடுக்கியதற்கு அடையாளமாக, போல்ட்டின் தலையிலிருந்து அடிப்பாகம் வரை ஒயிட்னரால் ஒரு கோடு போட்டேன். போல்ட் தளர்ந்தால் கோடு விலகிக் காட்டிக்கொடுத்துவிடும். அதையும் போனில் போட்டோ எடுத்துக்கொண்டேன். வேலையின் ஒவ்வொரு கட்டத்தையும் போட்டோ எடுக்காமல் எனக்குக் கை ஓடாது.

அப்போதுதான் முதல் மாடி சுவாமி வந்தார். பேங்கில் இருந்து ரிட்டயர் ஆனவர். கோயிலுக்குக் கிளம்பியவர், திருமண் பளிச்சென்று தெரிய, என் பக்கத்தில் நின்று வேடிக்கை பார்த்தார்.

“பேஷ். தேவரீரே பண்றேளா?”

“ஆமா சுவாமி.”

“நாலரைக்கு ராகு காலம் வந்துடறதே. ஞாயித்துக்கிழமையோன்னோ? ஆரம்பிச்சதைத் தொடரலாம், தோஷமில்லை. புதுசா ஒண்ணும் ஆரம்பிக்கப்படாது. அதுவும் பிரேக்.” அந்தக் கடைசி வார்த்தையை மட்டும் குரலைத் தாழ்த்திச் சொல்லிவிட்டு, “பெருமாள் பார்த்துப்பர்” என்று நடையைக் கட்டினார்.

மணி நாலு பத்து.

எனக்கு ராகு காலத்தில் நம்பிக்கை கிடையாது. ஆனால் நம்பிக்கை இல்லாதவனுக்குச் சந்தேகம் இருக்கக் கூடாதா? ஒருவேளை இருந்து தொலைத்தால்? தெருவில் எவனோ ஒருவனுடைய வண்டி என்றால் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். நாளைக்கு இதில் ஏறி மலைக்குப் போகப் போவது என் வீட்டுக்காரி. இந்த விஷயத்தில் நம் ஊரில் ஒரு வசதி உண்டு. நல்ல நேரத்தில் பயணம் கிளம்ப முடியாவிட்டால், பையை மட்டும் நல்ல நேரத்தில் பக்கத்து வீட்டில் கொண்டு போய் வைத்துவிட்டு, அப்புறம் மெதுவாகக் கிளம்புவோம். பயணம் அப்போதே ஆரம்பித்துவிட்டதாகக் கணக்கு. அதே கணக்கை நான் இங்கே போட்டேன். மிச்சம் இருக்கிற வேலைகள் எல்லாவற்றையும் நாலரைக்குள் ‘ஆரம்பித்து’ வைத்துவிட்டால், பிறகு நடப்பதெல்லாம் தொடர்ச்சிதானே.

கை பறந்தது. கீழ் முனையைக் காலிபரில் வைத்து, வாஷர் இரண்டையும் சொருகி, போல்ட்டை லேசாகப் பிடிக்கும் அளவுக்கு முடுக்கினேன். ஒன்று ஆரம்பித்தாயிற்று. வாங்கி வந்த ஆயில் டப்பாவின் சீலை உடைத்து, ஹேண்டில்பார் டப்பாவில் கொஞ்சம் ஊற்றினேன். இரண்டாவது ஆயிற்று. நாலு இருபத்தெட்டுக்கு, காற்று வெளியேற்றும் நிப்பிளில் ஸ்பேனரை வைத்தேன். குழாய்க்குள் அடைபட்ட காற்றை வெளியே விடுவதற்கென்று காலிபரின் தலையில் ஒரு சின்ன முனை இருக்கும், அதுதான் நிப்பிள்.

வைத்த ஸ்பேனரை எடுத்துவிட்டேன். நிப்பிளின் ஆறு முகத்திலும் புதிய கீறல்கள். துருவுக்கு நடுவில் உலோகம் பளபளவென்று மின்னியது. யாரோ இதைத் திறந்திருக்கிறார்கள். ஒரு தடவை இல்லை, பல தடவை. நான் இந்த நிப்பிளைத் தொட்டே நாலைந்து வருடம் இருக்கும்.

அவள் காபி கொண்டு வந்தாள்.

“இந்த பிரேக்கை யாரு தொட்டா?”

“ஏன், என்ன ஆச்சு?”

“யாரோ நிப்பிளைத் திறந்திருக்காங்க. புது அடையாளம்.”

“எனக்கென்னங்க தெரியும்? ஆறுறதுக்குள்ள குடிங்க.”

அவள் என் முகத்தைப் பார்க்காமல் டம்ளரை நீட்டினாள். க்ளெய்ம் கேட்டு வருகிறவர்கள் பொய் சொல்லும்போது முதலில் நகர்வது கண்தான். மடியில் கனம் இருந்தால்தானே வழியில் பயம் என்று உள்ளே ஒரு குரல் ஆரம்பித்துவிட்டது. மலையில் மெக்கானிக் கடை கிடையாது. அப்படியானால் யார்? வாரத்தில் ஐந்து நாள் அவள் இருக்கும் இடத்தில், என் வண்டியின் சக்கரத்துக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, உரிமையோடு ஸ்பேனர் வைக்கிற அந்த ஆள் யார்? பொறாமைதான், வேறென்ன. ஐம்பதை நெருங்குகிற வயதில் அப்படி ஒரு எரிச்சல் வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

காற்று எடுக்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் லீவரை அழுத்திப் பிடிக்க வேண்டும். மற்றவர் நிப்பிளைத் திறந்து மூட வேண்டும். மூடும் வரைக்கும் லீவரை விடக் கூடாது, விட்டால் காற்று உள்ளே போய்விடும். இதை அவளுக்கு விளக்க நான் வாயைத் திறப்பதற்குள், அவள் வண்டியில் ஏறி உட்கார்ந்து, மூன்று தரம் அழுத்தி, நாலாவது தரம் பிடித்துக்கொண்டு, “ம், திறங்க” என்றாள். நான் திறந்தேன். “மூடியாச்சா? விடலாமா?” என்றாள்.

“இது உனக்கு எப்படித் தெரியும்?”

“எது?”

“மூடுற வரைக்கும் விடக் கூடாதுங்கிறது.”

“இதென்ன பெரிய வித்தையா? ஊசி போடும்போது சிரிஞ்சில காத்து எடுக்கிறதில்லையா நாங்க?”

பதில் நன்றாகத்தான் இருந்தது. அவ்வளவு நன்றாக இருந்ததே எனக்குப் பிடிக்கவில்லை. அந்த அரைமணி நேரம் முழுக்க என் கண் ஆயிலில் வரும் குமிழ்களைப் பார்த்ததோ இல்லையோ, அவள் விரல்களைப் பார்த்தது. பழகிய விரல்கள். குமிழ் நின்றது. லீவர் கல் மாதிரி ஆனது. கடைசியாகக் காலிபரை ஒரு போட்டோ எடுத்துவிட்டு, சாமான்களை மூட்டை கட்டினேன். அவள் இட்லி மாவு வாங்கி வரச் சொன்னாள். மாவில் எவ்வளவு தண்ணீர் சேர்த்திருக்கிறார்கள் என்று யோசித்துக்கொண்டே போய் வாங்கி வந்தேன். வந்ததும் காலிபரைச் சுற்றி ஒரு துண்டு நியூஸ் பேப்பரைக் கட்டினேன். கசிவு இருந்தால் காலையில் பேப்பர் காட்டும்.

காலையில் பேப்பர் காய்ந்தே இருந்தது. அவள் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, மருந்துப் பையைப் பின்னால் கட்டினாள். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டுதான் பார்த்தேன். ஆனால் பார்த்தது அவளை. பை ஏன் இன்று பெரிதாக இருக்கிறது, சிரிப்பு ஏன் இப்படி இருக்கிறது என்று பார்த்தேன். “போயிட்டு வரேங்க” என்றாள். “மேல போனதும் போன் பண்ணு” என்றேன். ஆறு மணிக்குக் கிளம்பினாள். திங்கட்கிழமை ராகு காலம் ஏழரைக்கு. அதற்கு முன்பே கிளம்பிவிட்டாள் என்பதில் எனக்கு ஒரு திருப்தி.

ஆறே முக்காலுக்குக் காபியோடு உட்கார்ந்து, போனில் முந்தைய நாள் போட்டோக்களைத் தள்ளிக்கொண்டே வந்தேன். நிப்பிளின் கீறல்களைத்தான் பெரிதாக்கிப் பார்க்க நினைத்தேன். எந்த அளவு ஸ்பேனர் என்று தெரிந்தால் ஆள் யார் என்பதற்கு ஒரு துப்பு கிடைக்கலாமே. கடைசிப் போட்டோவில் நிப்பிள் தெளிவாக இருந்தது. அதற்கு ஒரு விரல் தள்ளி, கீழ் போல்ட்டும் தெளிவாக இருந்தது.

போல்ட்டில் வெள்ளைக் கோடு இல்லை.

முதலில் எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை. மேல் போல்ட்டின் போட்டோவுக்குப் போனேன். கோடு இருந்தது. திரும்பக் கீழ் போல்ட்டுக்கு வந்தேன். இல்லை. ஒயிட்னர் போட மறந்திருப்பேனோ? முடுக்கிவிட்டுக் கோடு போட மட்டும் மறப்பவனா நான்? நாலரைக்குள் ‘ஆரம்பித்து’ வைத்த அந்த போல்ட்டுக்கு நான் திரும்பிப் போகவே இல்லை. நிப்பிளைப் பார்த்தேன், அவளைப் பார்த்தேன், எனக்குத் தெரியாத ஒருவனை மனதில் ஓட விட்டேன். கடைசி முடுக்கை முடுக்கவில்லை. செம்பு நசுங்கவில்லை. லேசாகப் பிடிக்கும் அளவுக்கு முடுக்கிய போல்ட்டோடு என் மனைவி துறையூர் ரோட்டில் போய்க்கொண்டிருக்கிறாள்.

போன் போட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. ஓட்டும்போது அவள் போனை எடுக்க மாட்டாள். பைக்குள் எங்கேயோ அடியில் கிடக்கும். மறுபடி போட்டேன். மறுபடி. சட்டையை மாட்டிக்கொண்டு, ஒரு கால் செருப்பும் ஒரு கால் பாத்ரூம் செருப்புமாக ரோட்டுக்கு ஓடினேன். எங்கே போகிறோம் என்று யோசிக்கவில்லை. அவள் போன திசையில், டோல்கேட் வழியாகப் போகும் ஒரு பஸ் வந்தது, ஏறிவிட்டேன். முக்கால் மணி நேரம் முன்னால் போன மோட்டார் சைக்கிளை டவுன் பஸ்ஸில் துரத்தும் புத்திசாலி ஊரில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

கொள்ளிடம் பாலத்தில் பஸ் ஊர்ந்தது. என் மண்டைக்குள் நான் எழுதிய ரிப்போர்ட்டுகள் எல்லாம் வரிசையாக வந்து நின்றன. கரும்பு டிராக்டரின் பின்னால் மோதிய வண்டிகள். வளைவில் தடுப்புச் சுவரைத் தாண்டிய வண்டிகள். எத்தனை வண்டியின் பக்கத்தில், ஓட்டியவரின் மனைவியோ புருஷனோ நின்று ஏதோ சொல்ல வந்தபோது, நான் போட்டோ எடுக்க வெளிச்சம் மறைகிறது என்று தள்ளி நிற்கச் சொல்லியிருக்கிறேன். டிக்கெட் கேட்ட கண்டக்டரிடம் என்ன சொன்னேன் என்று தெரியவில்லை. அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “உக்காருங்க சார் முதல்ல” என்றார்.

துறையூர் பஸ்ஸுக்கு மாற வேண்டிய டோல்கேட்டில் இறங்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தேன். பதினாலாவது தடவையோ பதினைந்தாவது தடவையோ கூப்பிட்டபோது அவள் எடுத்தாள்.

“என்னங்க? இத்தனை தடவை கூப்பிட்டிருக்கீங்க? டீ குடிக்க நிறுத்தினேன், இப்பத்தான் பார்க்கிறேன். யாருக்காவது உடம்பு சரியில்லையா?”

“வண்டியை எடுக்காத!” பஸ்ஸில் இருந்த எல்லோரும் திரும்பினார்கள். “கீழ் போல்ட்! கீழ் போல்ட்டை நான் டைட் பண்ணலை! எங்க இருக்க?”

“துறையூர்ல.”

“அங்கேயே இரு. நான் வரேன். தொடாத அந்த வண்டியை.”

“ஏங்க, கத்தாதீங்க. அது டைட்டாத்தான் இருக்கு.”

“உனக்குத் தெரியாது. நான் போட்டோவுல பார்த்தேன், கோடு இல்லை.”

“கோடு இல்லைதான். நான் கோடெல்லாம் போடலை. டைட் மட்டும்தான் பண்ணினேன்.”

எனக்குக் காது சரியாகக் கேட்கவில்லையோ என்று போனை மறு காதுக்கு மாற்றினேன்.

“நீங்க நேத்து மாவு வாங்கப் போனீங்கல்ல, அப்ப கீழ வந்து ஒவ்வொண்ணா ஸ்பேனர் வெச்சுப் பார்த்தேன். மேல நல்லா இருந்துச்சு. கீழ ஒண்ணு லூசா சுத்துச்சு. அரைச் சுத்துக்கு மேல போச்சு. பிடிச்சு முடுக்கிட்டேன்.”

“ஏன் என்கிட்ட சொல்லலை?”

“சொன்னா நம்புவீங்களா? மறுபடியும் அவுத்து, வாஷரை நக்கிப் பார்த்து, திரும்ப மாட்டுவீங்க. எனக்குக் காலைல வண்டி வேணும்.”

பக்கத்து சீட்டு அம்மாள் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் உயிரோடு இருக்கிறாள், டீக்கடையில் நிற்கிறாள் என்பதே போதுமானதாக இருந்திருக்க வேண்டும். என் கேடுகெட்ட புத்தி அப்போதும் விடவில்லை.

“உனக்கு ஸ்பேனர் பிடிக்க யாரு சொல்லிக் கொடுத்தா?”

டீ டம்ளரைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது.

“அந்த நிப்பிளைத் திறந்ததும் நான்தாங்க. மூணு மாசமா நானேதான் காத்து எடுத்துட்டு இருக்கேன். மேல மலையில யாரும் இல்லை, போன்ல வீடியோ பார்த்துக் கத்துக்கிட்டேன். மழையில விழுந்தப்ப பிரேக் பிடிக்கலைன்னு உங்ககிட்டதான் முதல்ல சொன்னேன். நீங்க எந்த கியர்னு கேட்டீங்க. நான் என்ன உங்ககிட்ட க்ளெய்மா போட்டிருந்தேன்?”

போனைக் காதோடு இன்னும் அழுத்திக்கொண்டேன்.

“மலையில இறங்கப் போறது நான். யார் மாட்டினா என்ன, நான் ஒரு தடவை பார்த்துட்டுத்தான் ஏறுவேன். வைக்கிறேன், பத்து மணிக்குத் தடுப்பூசி இருக்கு.”

மண்ணச்சநல்லூரில் இறங்கினேன். ஒரு கால் பாத்ரூம் செருப்போடு எதிர்ப்பக்கம் வந்து, திரும்பும் பஸ்ஸுக்காக நின்றேன். அவள் மேல் கோபம் வந்தது. என்னை நம்பவில்லையே என்ற கோபம். அந்தக் கோபத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியவில்லை, ஏனென்றால் அவள் நம்பியிருந்தால் இன்று செத்திருப்பாள். நான் ஊரையெல்லாம் சந்தேகப்பட்டேன். பால்காரரை, கடைக்காரரை, மெக்கானிக்கை, கடைசியில் அவளையே. பிரேக்கில் கை வைத்தவர்களில் சந்தேகப்பட வேண்டிய ஆள் ஒருவன்தான் இருந்தான். அவனைச் சரியாகக் கண்டுபிடித்து, வாயைத் திறக்காமல் வேலையை முடித்தவள் அவள். மூன்று மாதம் தனியாக, மழைச்சேற்றில் குந்தி, லீவரை ஏதோ கயிற்றால் கட்டி வைத்துக்கொண்டு, நிப்பிளைத் திறந்து மூடியிருக்கிறாள். ஆயிரம் வண்டிக்கு ரிப்போர்ட் எழுதியவன் வீட்டில் இருக்க, அவள் போனில் முகம் தெரியாத எவரிடமோ கற்றுக்கொண்டிருக்கிறாள். அந்த பஸ் ஸ்டாப்பில் நின்று நான் அழுதேன். காலை வெயில் கண்ணில் பட்டது என்று சொன்னால் அதுவும் பொய்.

அந்த வாரம் தினமும் போனில் பேசினோம். பிரேக்கைப் பற்றி இருவரும் பேசவில்லை. முழங்கை எப்படி இருக்கிறது என்று ஒரு நாள் கேட்டேன். “எந்த முழங்கை?” என்றாள். பிறகு, “அது ஆறி எத்தனையோ நாளாச்சு” என்றாள்.

சனிக்கிழமை மதியம் இரண்டரைக்கு வண்டிச் சத்தம் கேட்டது. கீழே ஓடினேன். ஹெல்மெட்டைக் கழற்றினாள், முகமெல்லாம் புழுதி. மரவள்ளிக் கிழங்கு ஒரு பை கொண்டு வந்திருந்தாள். “இறக்கத்துல பிரேக் நல்லா இருக்குங்க. ஒரு விரல் போதும்” என்றாள். பையை நான் வாங்கிக்கொண்டேன். மேலே வந்ததும் அவள் குளிக்கப் போனாள்.

குழாயில் தண்ணீர் திறக்கும் சத்தம் கேட்கும் வரை சோபாவில் உட்கார்ந்திருந்தேன். பிறகு டிராயரை மெதுவாகத் திறந்து, ஸ்பேனரை எடுத்துச் சட்டைக்குள் மறைத்துக்கொண்டு, சத்தம் போடாமல் படியிறங்கினேன். முன் சக்கரத்தின் பக்கத்தில் குந்தினேன். கீழ் போல்ட்டில் ஸ்பேனரை வைத்து அழுத்தினேன். அசையவில்லை. இன்னும் அழுத்தினேன். இம்மிகூட அசையவில்லை, கசிவும் இல்லை. நான் முடுக்கியிருந்தால் இவ்வளவு அளவாக வந்திருக்குமா என்பது சந்தேகம்தான்.

ஸ்பேனரைத் திரும்பச் சட்டைக்குள் செருகிக்கொண்டு மேலே வந்தேன். டிராயரை மூடும்போது பாத்ரூமுக்குள்ளிருந்து தண்ணீர்ச் சத்தம் நின்றது.

“என்னங்க, டைட்டா இருக்கா?”

“இருக்கு” என்றேன்.